கதவைத் திறப்பவர் யார்?

பண்டிகைக் காலத்தில் தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவில் நடந்து பாருங்கள். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைவரை மனிதத் தலைகளே தெரியும். காவல்துறையினர் உயரமான மேடைகளில் நின்று கண்காணிப்பர். திருடர்களிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி ஒலிபெருக்கி ஓயாமல் அறிவுறுத்தும். தாய்மார்கள் கழுத்துச் சங்கிலியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வர். ஆடவர் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வர். இந்த விழிப்பை அவர்களுக்கு எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை. கூட்டத்தில் திருடன் இருப்பான் என்பது அனுபவம் தந்த பாடம்.

இதே மக்கள் வீடு திரும்புகின்றனர். இரும்புக் கதவைப் பூட்டி, உள்தாழ்ப்பாளையும் போடுகின்றனர். பிறகு கணிப்பொறியின் முன் அமர்ந்து, முன்பின் அறியாத ஒருவன் ‘இதை அழுத்துங்கள்’ என்று எழுதி அனுப்பியதும் தயங்காமல் அழுத்திவிடுகின்றனர்! தெருவில் காட்டிய விழிப்பு வீட்டுக்குள் எங்கே போயிற்று?

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தால் தொடங்கப்பெற்றது. அன்று அச்சேவையைப் பெற்ற நகரங்களுள் நம் சென்னையும் ஒன்று. அக்காலத்தில் தொலைபேசி வழியாக எண்ணைச் சுழற்றி இணையத்தை அடைய வேண்டும். கட்டணத்திற்கு அஞ்சி, வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடுவோம். அதாவது, வேண்டும்போது மட்டுமே திறக்கும் கதவு அது. இன்று கண்ணாடி இழைக் கம்பி வீட்டுக் கூடம்வரை வந்துவிட்டது. இரவும் பகலும் கதவு திறந்தே இருக்கிறது. வீட்டிலிருந்து உலகைக் காணலாம் என்று மகிழ்கிறோம். உலகமும் நம் வீட்டை எட்டிப் பார்க்கலாம் என்பதை எண்ணிப் பார்த்தோமா?

பங்குப் பணியின் நிமித்தம் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் இதைக் காண்கிறேன். 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் பேரப்பிள்ளையின் பாடத்திற்கென்று வாங்கிய கணிப்பொறியில் இன்று குடும்பமே அடங்கியிருக்கிறது. வீட்டுப் பத்திரத்தின் நகல், ஆயுள் காப்பீட்டு விவரம், ஓய்வூதியக் கணக்கு, வங்கிக் கணக்கு, மறைந்த தாயின் கடைசிப் புகைப்படம் என எல்லாம் அதற்குள்ளே. பீரோவுக்குச் சாவி வைத்திருக்கும் குடும்பம் இதற்கு ‘1234’ என்று ஒரு கடவுச்சொல் வைத்திருக்கிறது!

ஓர் ஓய்வூதியரின் துயரம்

எனக்கு அறிமுகமான பெரியவர் ஒருவர் நடேசன் பூங்காவுக்கு அருகில் துணைவியாருடன் வாழ்கிறார். அரசுப் பணியில் கணக்குகளைப் பார்த்துப் பார்த்தே நரைத்தவர். ஒரு ரூபாய் பிசகினாலும் உறங்காதவர். மகன் அயல்நாட்டில் இருக்கிறார். பிறருக்குப் பயன்படும் என்பதால் பெயர் குறிப்பிடாமல் எழுத அவரே அனுமதி தந்தார்.

ஒருநாள் அவர் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுவதும் சிவப்பாயிற்று. சங்கொலி போன்ற ஓசை எழுந்தது. ‘உமது கணிப்பொறியில் வைரஸ் புகுந்துவிட்டது. அதை அணைக்காதீர். உடனே இந்த எண்ணை அழைப்பீர்’ என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. கீழே புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் சின்னம். பதற்றத்தோடு அழைத்தார். மறுமுனையில் மிகவும் பணிவான குரல்! அக்குரல் சொன்னபடி ஒரு செயலியை இறக்கினார். அந்தக் கணமே அவரது கணிப்பொறி எங்கோ இருந்த ஒருவன் கைக்கு மாறியது. அவன் ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து, ‘பாருங்கள், எத்தனை பிழைகள்!’ என்றான். நல்ல நிலையிலுள்ள எந்தக் கணிப்பொறியிலும் அப்படிப்பட்ட சிறு பிழைக் குறிப்புகள் பதிவாகியிருக்கும் என்பதைப் பெரியவர் அறியார். பாதுகாப்புக் கட்டணம் என்று முதலில் ஒரு சிறு தொகை. பிறகு, ‘தவறுதலாக அதிகம் பெற்றுவிட்டோம், திருப்பித் தருகிறோம், வங்கிக் கணக்கைத் திறவுங்கள்’ என்றான். திறந்தார். ஒரு மணி நேரத்திற்குள் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் போய்விட்டது.

இதனினும் பெரிய துயரம் பின்னால் வந்தது. அவர் பதினோரு நாள் இதை யாரிடமும் சொல்லவில்லை. காலை நடையை நிறுத்தினார், உணவைக் குறைத்தார். துணைவியார் நோயென்று அஞ்சி என்னை அழைத்தார். நெடுநேர மௌனத்திற்குப் பிறகு அவர் சொன்ன முதல் சொற்கள் இவை: “பணம் போனதுகூடப் பெரிதில்லை, ஃபாதர். பையனுக்குத் தெரிந்தால் இனி என்னை எதையும் தொடவிட மாட்டான்.”

புகார் கொடுத்தோம். ஆனால் பதினோரு நாளில் அந்தப் பணம் பல கணக்குகளுக்குத் தாவி, எங்கோ எடுக்கப்பட்டும் விட்டது. முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு பகுதியேனும் தடுத்து நிறுத்தப்பட்டிருக்கக்கூடும். திருடன் கொண்டுபோனது பணத்தை. அந்தப் பணத்தைத் தேடும் காலத்தைக் கொண்டுபோனது வெட்கம்.

அந்தச் சிவப்புத் திரையின் உண்மை என்ன? அது வைரஸே அன்று. வெறும் ஓர் இணையப் பக்கம். அச்சுறுத்துவதைத் தவிர அதனால் ஒன்றும் செய்ய இயலாது. கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி உலாவியை மூடலாம். அதுவும் தெரியாவிடில் மின் பொத்தானைச் சில நொடிகள் விடாது அழுத்திக் கணிப்பொறியையே அணைத்துவிடலாம். எந்த நிறுவனமும் திரையில் சங்கூதி, தொலைபேசி எண் தந்து, வாடிக்கையாளரை அழைக்கச் சொல்வதில்லை. இத்தகைய மோசடிக் கூடங்கள் நம் நாட்டிலேயே இருந்து அயல்நாட்டு முதியோரை ஏமாற்றிவந்தன என்பது வருந்தத்தக்க உண்மை. 2018-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்த புகார்களின்பேரில் தில்லியிலும் அதன் சுற்றுப்புற நகரங்களிலும் பல கூடங்களில் காவல்துறை சோதனை நடத்திப் பலரைக் கைது செய்தது.

அன்பின் பெயரால் வந்த மடல்

திருடன் பூட்டை உடைப்பதைவிட வீட்டாரைக் கொண்டே கதவைத் திறக்கச் செய்வது எளிது. இதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் ஒரு மின்னஞ்சல் உலகைச் சுற்றி வந்தது. அதன் தலைப்பு ‘ஐ லவ் யூ’. உள்ளே காதல் கடிதம் போன்றதொரு கோப்பு. அது கடிதமன்று, கட்டளை நிரல். திறந்தவர்களின் படங்களையும் பிற கோப்புகளையும் அழித்ததோடு, அவர்களது முகவரிப் பட்டியலிலிருந்த அனைவருக்கும் அவர்கள் பெயராலேயே தன்னை அனுப்பிக்கொண்டது. ஆகவே பெற்றவர்கள் ஐயுறவில்லை. அறிந்தவரிடமிருந்தல்லவா வந்திருக்கிறது! பிலிப்பீன்ஸ் நாட்டில் பிறந்த அந்த நிரல் சில நாள்களில் உலகெங்கும் லட்சக்கணக்கான கணிப்பொறிகளைத் தாக்கியது. அன்று அந்நாட்டில் இக்குற்றத்திற்கெனச் சட்டம் இல்லாததால் தண்டனையும் இல்லை. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது.

அன்று காதல் கடிதமாக வந்தது இன்று வேறு வேடங்களில் வருகிறது. ‘மின் கட்டணம் செலுத்தவில்லை, இன்றிரவு இணைப்புத் துண்டிக்கப்படும்’ என்று அச்சத்தின் வேடம். ‘பரிசு விழுந்துள்ளது’ என்று ஆசையின் வேடம். ‘அத்தை, நான் விபத்தில் சிக்கிவிட்டேன்’ என்று பாசத்தின் வேடம். வேடம் எதுவாயினும் ‘உடனே செய்’ என்ற அவசரம் மட்டும் மாறுவதில்லை. எனவே அவசரப்படுத்தும் செய்தி எதையும் ஐயத்தோடு நோக்குவதே முதல் காவல். அறிந்தவர் பெயரில் வந்தாலும், அவரது பழைய எண்ணுக்கு ஒரு முறை அழைத்துக் கேட்டுவிட்டால் பொய் வெளிப்பட்டுவிடும்.

தள்ளிப்போட்ட திருத்தம்

நாம் எதையும் அழுத்தாமலே புகும் பகையும் உண்டு. 2017 மே 12-ஆம் நாள் ‘வானாகிரை’ என்னும் நச்சுநிரல் பரவத் தொடங்கியது. சில நாள்களில் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் முடங்கின. கோப்புகளை எவரும் படிக்க இயலாத குறியீடுகளாக மாற்றிவிட்டு, மீட்டுத் தர 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. சென்னைக்கு அருகே ஒரகடத்திலுள்ள ரெனோ–நிசான் கார் தொழிற்சாலையும் தப்பவில்லை.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அந்த நச்சுநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. அதாவது, தாக்குதலுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் முன்பே மருந்து வந்துவிட்டது. ‘அப்டேட்’ என்று திரையில் தோன்றும் அறிவிப்பை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளியவர்களே பெரும்பாலும் பாதிக்கப்பட்டனர். அந்த அறிவிப்பு நமக்குத் தொல்லையாகவே படுகிறது. ஆனால் கூரையின் ஓட்டை மழைக்காலத்தில்தான் தெரியவேண்டுமா?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நம் இல்லங்கள் பலவற்றில் இன்றும் இருப்பது விண்டோஸ் 10. அதற்கு வழக்கமாக வழங்கிவந்த இலவசத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. தனியே பதிவு செய்வோருக்கு மட்டும் மேலும் ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. ஆகவே உங்கள் வீட்டுக் கணிப்பொறி எந்தப் பதிப்பில் இயங்குகிறது, விண்டோஸ் 11-க்கு மாற்ற இயலுமா என்று விவரமறிந்த ஒருவரைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

விண்டோஸின் கள்ள நகலைப் போட்டுக்கொள்வோர்க்கும் ஒரு சொல். களவாடிய பூட்டை வாங்கி வீட்டுக்குப் போட்டால், அதன் மறுசாவி யாரிடம் இருக்கும் என்று சொல்ல முடியுமா? புதுத் திரைப்படத்தை இலவசமாக இறக்கித் தருவதாகக் கூறும் தளங்களும் இத்தகையனவே. இலவசம் என்று எழுதிய பொத்தானுக்குப் பின்னால் நச்சுநிரல் காத்திருப்பதுண்டு. வைரஸ் தடுப்பு நிரல் விண்டோஸுடனேயே வருகிறது. அதை அணைத்து வைக்காதிருந்தாலே போதும். கூடுதலாக வேண்டுவோர் விலை கொடுத்து நல்லதொன்றை வாங்கலாம். 1991-இல் நம் சென்னையிலேயே தொடங்கப்பெற்ற கே7 போன்ற நிறுவனங்கள் இப்பணியைச் செய்துவருகின்றன.

வாசலும் உள்ளறையும்

தமிழ்நாட்டில் நிகழ்ந்த மற்றொரு செய்தி நமக்கு நல்ல பாடம். 2019-ஆம் ஆண்டில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணிப்பொறி ஒன்றில் நச்சுநிரல் புகுந்தது. செப்டம்பர் 4-ஆம் நாள் மத்திய அரசின் கணிப்பொறி அவசரகாலக் குழு இதைத் தெரிவித்ததாக இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30-ஆம் நாள் அறிவித்தது. முதலில் மறுக்கப்பட்ட செய்தி பிறகு ஒப்புக்கொள்ளப்பட்டதால் நாடே திடுக்கிட்டது. ஆயினும் பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிகளுக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணிப்பொறி. அணு உலையை இயக்கும் அமைப்பு அதிலிருந்து முற்றிலும் பிரித்து வைக்கப்பட்டிருந்தது என்று கழகம் விளக்கியது. வாசலுக்கு வந்த பகை உள்ளறைக்குச் செல்லவில்லை.

நம் வீட்டிலும் இந்தப் பிரிவினை வேண்டும். குடும்பத்தின் முக்கியக் கோப்புகளையும் படங்களையும் தனியானதொரு வெளி வட்டில் மாதம் ஒருமுறை படியெடுங்கள். படியெடுத்ததும் அதைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள். செருகியபடியே விட்டால் நச்சுநிரல் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். 2022 நவம்பர் 23-ஆம் நாள் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நோயாளர் பதிவுகளெல்லாம் கையால் எழுதப்பட்டன. பாதிக்கப்படாத ஒரு படி தனியே இருந்தமையால்தான் அந்தத் தகவல்கள் மீட்கப்பட்டன. அத்துணைப் பெரிய நிறுவனத்தைக் காத்த வழி, சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் நமக்கும் கைகூடும்.

பிள்ளைகள் விளையாடும் கணக்கும் பெரியவர்கள் வங்கிக்குப் பயன்படுத்தும் கணக்கும் வேறு வேறாக இருக்கட்டும். விண்டோஸில் ஒவ்வொருவர்க்கும் தனிக் கணக்கு அமைக்கலாம். பிள்ளைகளின் கணக்கிற்குப் புதிய நிரல்களை நிறுவும் உரிமை தராமலிருந்தால் பாதி இடையூறு அங்கேயே நின்றுவிடும். ஆதார் அட்டையை அச்செடுக்கப் பென் டிரைவை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோவது நம் வழக்கம். அது பல கணிப்பொறிகளைத் தொட்டு வந்த பொருள். வீட்டில் செருகியவுடன் திறக்காமல் முதலில் வைரஸ் சோதனை செய்யுங்கள். வைஃபை பெட்டியுடன் வந்த பழைய கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

கடவுச்சொல் நீளமாக இருத்தல் நன்று. தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்தால் உங்களுக்கு நினைவிலிருக்கும். பிறர்க்கு ஊகிக்க அரிது. எல்லாவற்றிலும் மேலாக மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் காத்துக்கொள்ளுங்கள். பிற கணக்குகளின் கடவுச்சொல் மறந்தால் புதியது வந்து சேருமிடம் அதுவே. அது வீட்டுச் சாவிக் கொத்தைப் போன்றது. அதற்கு இரண்டாம் சோதனையாகக் கைப்பேசிக்கு எண் வரும் ஏற்பாட்டையும் செய்துகொள்ளுங்கள். அந்த எண்ணை, கேட்பவர் யாராயினும், சொல்லாதீர்கள். நினைவாற்றல் குறைந்த பெரியவர்கள் கடவுச்சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பூட்டி வைப்பதில் தவறில்லை. எங்கோ இருக்கும் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாதல்லவா?

வெட்கமே திருடனின் தோழன்

இவையெல்லாம் செய்தும் ஒருநாள் ஒருவர் ஏமாறலாம். படித்தவர், பதவியிலிருந்தவர், கணிப்பொறித் துறையிலேயே பணிபுரிபவர் எல்லாரும் ஏமாந்திருக்கின்றனர். அந்த நேரத்தில் குடும்பம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இன்னோர் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி விளையாட்டில் இலவசக் காசு கிடைக்கும் என்று ஒரு கோப்பை இறக்கினாள். சிறிது நேரத்தில் திரை விசித்திரமாக நடந்துகொண்டது. அவள் நேரே அடுக்களைக்குச் சென்று, “அம்மா, நான் என்னவோ செய்துவிட்டேன், வந்து பாரு” என்றாள். அந்தத் தாய் ஏசவில்லை. வைஃபை பெட்டியை அணைத்தார். கைப்பேசியின் வழியே மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றினார். கணிப்பொறியை மறுநாள் சுத்தம் செய்யக் கொடுத்தார். இழப்பு ஏதுமில்லை. இரு வீட்டிலும் பிழை ஒன்றே. ஒரு வீட்டில் சொல்ல முடிந்தது, மற்றொன்றில் சொல்ல முடியவில்லை. வேறுபாடு அவ்வளவே.

திருடர்கள் இதை நன்கு அறிவர். ‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரால் காணொளி அழைப்பில் போலிக் காவல் அதிகாரியாகத் தோன்றுவோர், ‘யாரிடமும் சொல்லக்கூடாது’ என்றே முதலில் கட்டளையிடுகின்றனர். அப்படியொரு கைது நம் சட்டத்தில் எங்குமில்லை. 2024 அக்டோபர் 27-ஆம் நாள் பிரதமரே தமது வானொலி உரையில் இதை எடுத்துரைத்து எச்சரித்தார். சொல்லாதே என்று எவன் சொல்கிறானோ, அவனைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். இது மத்திய உள்துறையின் ஏற்பாடு. புகார் பதிவானதும் வங்கிகளுக்குச் செய்தி பறந்து, பணம் சென்று சேர்ந்த கணக்கில் எஞ்சியிருப்பது நிறுத்தி வைக்கப்படலாம். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். கூடவே உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கை இதில் காலத்தின் அருமையை உணர்த்தியது. வாடிக்கையாளரும் வங்கியும் காரணமாகாத இழப்பை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்றும், கடவுச்சொல்லைப் பிறர்க்குச் சொல்லியதால் நேர்ந்த இழப்பாயினும் புகாருக்குப் பின் போகும் பணத்திற்கு வங்கியே பொறுப்பு என்றும் அது வகுத்தது. ஆகவே சொல்லாமல் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு நாம் தரும் கொடை.

அயல்நாட்டிலும் வெளியூரிலும் வாழும் மக்களே, அடுத்த முறை தாய் தந்தையரோடு பேசும்போது, ‘எதையும் தொடாதீர்கள்’ என்று அச்சுறுத்தாதீர்கள். ‘ஏதாவது ஐயமாக இருந்தால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள், தவறிப்போனாலும் நான் கோபப்பட மாட்டேன்’ என்று சொல்லி வையுங்கள். பெரியவர்களே, கேட்பது உங்களுக்கு இழிவன்று. இளையோரே, தாத்தாவின் கணிப்பொறியில் திருத்தங்கள் போடப்பட்டிருக்கின்றனவா, படியெடுத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று இந்த ஞாயிறு அரைமணி நேரம் அமர்ந்து பாருங்கள். 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கணிப்பொறியின் அருகே ஒட்டுங்கள்.

பூட்டும் தாழ்ப்பாளும் கடையில் கிடைக்கும். பிழை நேர்ந்த அன்றே ‘இப்படி ஆகிவிட்டது’ என்று அச்சமின்றிச் சொல்லக்கூடிய வீட்டை நாம்தான் அமைக்க வேண்டும். அத்தகைய வீட்டில் திருடன் நுழைந்தாலும் நெடுநேரம் தங்க இயலாது.